அட்டவணையார்

பிரம்மதேவன் மனிதனுக்கு ஆயுளை நிர்ணயித்துத் தலையில் எழுதி அனுப்பியபோது, அந்த ஆயுளை இன்ன மணிக்கு இன்ன காரியம் என்று கட்டம் போட்டுப் பிரித்துக் கொடுக்காமல் விட்டது பெரியதொரு நிர்வாகக் குறைபாடு என்பது அட்டவணையாரின் நெடுநாளைய அபிப்பிராயம். அந்தக் குறையை நிவர்த்தி செய்வதற்கென்றே தாம் பூலோகத்திற்கு அனுப்பப்பட்டிருப்பதாக அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படித்தான் தீர்மானித்துக்கொண்டு திரும்பவேண்டியிருக்கிறது.

அட்டவணையார் இல்லாத தெரு தமிழ்நாட்டில் இருக்க நியாயமில்லை. எனக்குப் பரிச்சயமானவர் நங்கநல்லூரில், எங்கள் வீட்டிற்கு நாலு வீடு தள்ளி வசிப்பவர். அரசாங்க அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளர். தினந்தோறும் பழவந்தாங்கல் நிலையத்திற்கு நடந்து, கடற்கரை வண்டியைப் பிடித்து, பத்து மணிக்கு முன்பே தம் ஆசனத்தில் அமர்ந்து, வந்த கோப்பை அன்றே பார்த்து அனுப்பிவிடுகிற மனிதரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் நா எழாது. பிறர் இட்ட வேலையில் அவருக்குத் தவறு நேர்ந்ததே இல்லை. தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வேலையில்தான், பாவம், அவருக்கு மேலதிகாரி கிடையாது.

அப்படி அவர் தமக்கு இட்டுக்கொண்ட லட்சியங்கள் 11. திருக்குறள் முழுவதையும் மனனம் செய்வது, வயிற்றைக் குறைப்பது, பால்யத்தில் விட்டுப்போன புல்லாங்குழலை மறுபடி எடுப்பது, மூளை மழுங்காதிருக்கத் தினம் பத்துக் கணக்குப் போடுவது, குலத்தின் சரித்திரத்தை எழுதுவது, மாடியில் தோட்டம் வைப்பது, தியானம், நடைப்பயிற்சி, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவது, நல்ல நூல்களை வாசிப்பது, இவ்வளவுக்கும் பிறகு இரவில் அன்றைய நடப்பைக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவை அவை. ஒவ்வொன்றும் உத்தமமான லட்சியம். எதைக் குறைகூற முடியும்? பதினோரு உத்தமர்களை ஒரே அறையில் குடியேற்றினால் அவர்களில் யாருக்காவது காலை நீட்டிப் படுக்க இடமிருக்குமா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அட்டவணை தயாராகும் வைபவத்தை நேரில் கண்டால்தான் அதன் மகிமை விளங்கும். கெட்டியான சார்ட் தாளைக் கூடத்துத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு புத்தகத்தைப் பாரம் வைத்து, அடிக்கோலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் கோடு இழுப்பார். தேகத்திற்குரிய காரியங்கள் பச்சை, அறிவுக்குரியவை நீலம், ஆத்மாவிற்குரியவை காவி, உத்தியோகம், போஜனம், நித்திரை ஆகிய தவிர்க்கமுடியாதவை சிவப்பு. கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டு அவர் இரண்டடி பின்வாங்கி நின்று, தலையைச் சற்றுச் சாய்த்துத் தம் சிருஷ்டியைப் பார்க்கும்போது அவர் முகத்தில் பரவுகிற திருப்தி, அதிலுள்ள பதினொரு காரியங்களையும் உண்மையாகவே செய்து முடித்த ஒருவர் இருந்தால் அவர் முகத்தில்கூடத் தோன்றாது. காரணம் இல்லாமலும் இல்லை. அந்தத் தாளில் ஒரு மனிதர் வசிக்கிறார். அவர் நாலரை மணிக்குப் பிரம்ம முகூர்த்தத்தில் எழுகிறார்; இரண்டாவது காபி கேட்பதில்லை; அவருக்கு முழங்கால் வலி கிடையாது; அவரைத் தேடி மைத்துனர் வருவதில்லை; அவர் வீட்டுக்குக் குடிநீர் லாரி நடைப்பயிற்சி நேரத்தில் வந்து ஒலி எழுப்புவதில்லை. அந்த மகானிடத்தில் அட்டவணையாருக்கு அளவற்ற பக்தி. தாமே ஒருநாள் அவராகிவிடப் போகிறோம் என்ற நினைப்பில் கிடைக்கும் ஆனந்தம், ஆகிவிட்டால் கிடைக்குமா என்பது சந்தேகமே.

இந்தப் பக்திக்கு வேத புஸ்தகங்களும் உண்டு. ஜனவரி மாதத்தில் சென்னையில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது, நாவல்கள் இருக்கும் கடைகளைக் கண்ணெடுத்தும் பாராமல் முன்னேற்ற நூல்கள் அடுக்கியிருக்கும் கடைக்கே நேராகச் செல்வார். அப்துற் றகீமும் தமிழ்வாணனும் எம். எஸ். உதயமூர்த்தியும் அவருடைய அலமாரியில் தோளோடு தோள் உராய்ந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் மேலே, தனித் தட்டில், அமெரிக்க தேசத்துப் பெஞ்சமின் பிராங்க்ளினின் சுயசரிதை. பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்திற்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, வருஷத்திற்கு நாலு சுற்று வீதம் சாதகம் செய்ய முயன்றவர் அந்த மனிதர். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை தம் நாளைப் பங்கிட்டு எழுதியும் வைத்தவர். அதே நூலில், ஒழுங்கு என்கிற குணம்தான் தம்மை மிகவும் சிரமப்படுத்திற்று என்று அவரே ஒப்புக்கொண்டிருப்பதையும் அட்டவணையார் படித்திருக்கிறார். ஆனால் அந்த இடத்திற்கு அவர் செய்யும் வியாக்கியானம் வேறு. "பிராங்க்ளின் செய்த பிழை என்ன தெரியுமா சார்? நாளைப் பெரிய பெரிய பாகங்களாகப் பிரித்துவிட்டார். ஒரு பாகத்துக்கு நாலு மணி நேரம் என்றால் மனசு அலையாதா? கட்டம் போதாது!" என்று சுவரில் தம்முடைய கட்டங்களைப் பெருமையுடன் சுட்டிக்காட்டுவார்.

மேல்நாட்டு சாஸ்திரம் இப்படியிருக்க, நம்முடைய பஞ்சாங்கத்தையும் அவர் கைவிட்டவரல்லர். நல்ல காரியத்தை ராகு காலத்திலோ எமகண்டத்திலோ தொடங்குவது அவருக்குச் சம்மதமில்லை. நாளொன்றுக்கு இரண்டுமாகச் சேர்ந்து மூன்று மணி நேரம் போய்விடுகிறது. வாரத்திற்கு 21 மணி. எஞ்சிய நேரத்தில் எது உத்தமம் என்று ஆராய்ந்தவருக்கு அகப்பட்டது குளிகை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது ஐதீகம். அதனால்தான் பொன் வாங்குகிறவர்களும் கடனை அடைக்கிறவர்களும் அந்த வேளையைத் தேடுகிறார்கள், துக்க காரியங்களுக்கு அதைத் தவிர்க்கிறார்கள். நல்ல பழக்கம் நாள் தவறாமல் திரும்ப நடக்கவேண்டுமென்றால் அதைக் குளிகையில் அல்லவா ஆரம்பிக்கவேண்டும்? அலுவலகம் இல்லாத சனிக்கிழமையிலே குளிகை காலை ஆறு முதல் ஏழரை வரை அமைந்திருப்பது, தம்மை உத்தேசித்தே பூர்வீகர்கள் செய்த ஏற்பாடு என்பது அவர் நம்பிக்கை. ஐதீகம் பொய்க்கவில்லை. குளிகையில் அவர் செய்தது 'ஆரம்பம்'. ஆகவே ஆரம்பமே திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கிறது.

அந்த ஆரம்ப சனிக்கிழமை ஒன்றை விவரித்தால் எல்லாவற்றையும் விவரித்ததாகும். அட்டவணைப்படி எழவேண்டியது நாலரை மணிக்கு. சுபவேளை பிறப்பதோ ஆறு மணிக்கு. நாலரைக்கு எழுந்தே விடுகிறார். அதில் குறை சொல்லக்கூடாது. ஆனால் ஆறு மணிக்கு முன் அட்டவணை அமலுக்கு வராததால், தியானம் செய்தால் அது பழைய கணக்கில் சேருமா, புதிய கணக்கில் சேருமா என்ற சிக்கல் எழுகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் இப்படிப்பட்ட சிக்கலை அலட்சியம் செய்ய முடியாது. எனவே ஒன்றும் செய்யாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, ஆறு மணி அடிப்பதை எதிர்பார்த்து ஊஞ்சலில் அமர்ந்திருக்கிறார். ஆறு அடிக்கும்போது தியானமும் நடைப்பயிற்சியும் காலாவதியாகிவிடுகின்றன. இவ்விதமாக அட்டவணை பிறக்கும்போதே ஒன்றரை மணி நேர நிலுவையுடன் பிறக்கிறது.

வேறொருவராக இருந்தால், போனது போகட்டும் என்று ஆறு மணிக்குரியதைத் தொடங்கியிருப்பார். அட்டவணையார் அரசாங்கக் கணக்கில் ஊறியவர். செலவழியாத தொகை காற்றில் கரைந்துவிடுவதை அவரால் சகிக்க முடியாது. சனிக்கிழமையின் நிலுவையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி எழுதுவார். திங்களன்று மைத்துனர் வந்ததால் நின்றுபோன புல்லாங்குழலும், செவ்வாயன்று சிலிண்டர் வந்ததால் தடைப்பட்ட குலச் சரித்திரமும், புதனன்று மழையினால் கைவிடப்பட்ட நடையும் அவ்வாறே உரிய காரண விளக்கத்துடன், பக்கத்தில் சுருக்கொப்பத்துடன், ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஒதுக்கீடு செய்யப்படும். வெள்ளிக்கிழமை இரவு கூட்டிப் பார்க்கும்போது, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு 31 மணி நேர வேலை சேர்ந்திருக்கும். நாளுக்கு 24 மணி என்கிற சட்டத்தைத் திருத்த அதிகாரம் இல்லாதபடியால், அந்த அட்டவணை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சகல மரியாதைகளுடனும் ரத்து செய்யப்படும். சனிக்கிழமை காலையில்தான் குளிகை காத்திருக்கிறதே!

நடுவில் ஒரு சமயம், நாளைச் சிறு சிறு துண்டுகளாக்கிவிட்டால் நிலுவையே ஏற்படாது என்ற ஞானோதயம் அவருக்கு உண்டாயிற்று. 1980களின் இறுதியில் இத்தாலி நாட்டு மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர், படிப்பில் மனம் ஊன்றாமல் தவித்து, தக்காளி உருவத்தில் செய்த சமையலறைக் கடிகாரம் ஒன்றை முடுக்கி வைத்துக்கொண்டு, அது மணியடிக்கும் வரை வேறெதையும் நினைப்பதில்லை என்று விரதம் பூண்டார். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்று அதுவே ஒரு முறையாக உலகெங்கும் பரவிற்று. இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அட்டவணையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "25 நிமிஷமாம் சார்! நம்முடைய நாழிகை 24 நிமிஷம். நாளொன்றுக்கு 60 நாழிகை. ஒரே ஒரு நிமிஷ வித்தியாசத்தில் நம் சொத்தை வெளிநாட்டான் கொண்டுபோய்விட்டானே!" என்று மனம் வெதும்பி, நாழிகை வட்டிலைப் பற்றியும், முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்குப் பொழுதைக் கணக்கிட்டுச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்ததைப் பற்றியும் என் வீட்டுத் திண்ணையில் நின்று சாங்கோபாங்கமாக விளக்கினார். அந்த விளக்கம் ஏறக்குறைய நாலு நாழிகை நீடித்தது.

தக்காளிக் கடிகாரம் வாங்கப்பட்டது. அதை மேஜைமீது வைத்து முடுக்கியதும், இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி என்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவருடைய கவனம் முழுவதும் ஒருமுகப்பட்டது. அவ்வளவு தீவிரமான ஏகாக்கிரத்தை அவர் தியானத்திலும் எய்தியதில்லை. சில நாட்களில் அவருடைய மனைவியார் ஒரு காலையில், "என்னங்க, இது சும்மாத்தானே இருக்கு" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு போனார். இப்போது அது அடுப்பங்கரையில் இட்லி வெந்ததைச் சொல்கிறது. அந்த வீட்டில் இட்லி ஒருநாளும் குழைந்ததில்லை, வேகாமல் இறங்கியதும் இல்லை. அந்த அம்மையாரின் காரியங்கள் எந்த அட்டவணையிலும் கிடையாது. ஆனால் ஐந்தே முக்காலுக்குப் பால், ஆறரைக்குக் காபி, எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் என்று அவர் கையிலிருந்து வெளிவருவதைப் பார்த்து, நான் சில வேளைகளில் என் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது உண்டு.

பிறருடைய காலத்தின்மீது அட்டவணையாருக்குள்ள கருணையையும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். யாராவது ஒருவர் ஏணி கேட்க வந்தாலும் சரி, திருமணப் பத்திரிகை வைக்க வந்தாலும் சரி, அவருடைய தினசரி வாழ்வில் எவ்வளவு நேரம் விரயமாகிறது என்பதை அவருக்கு எடுத்துக்காட்டாமல் அனுப்புவதில்லை. "காலையில் பத்திரிகைக்கு எவ்வளவு நேரம்? கைப்பேசிக்கு எவ்வளவு? வாசலில் பேச்சுக்கு எவ்வளவு?" என்று குறுக்கு விசாரணை செய்து, கூட்டி, வருஷத்தால் பெருக்கி, அந்த மனிதர் தம் ஆயுளில் இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டார் என்று நிரூபித்து முடிப்பதற்குள் அவருடைய ஒரு பொழுது முழுதாகப் போய்விடும். ஏணி கேட்க வருகிறவர்கள் இப்போது வேறு தெருவுக்குப் போகிறார்கள்.

அவருடைய திருக்குறள் சாதனையைச் சொல்லாமல் விடுவது அபசாரம். நாளுக்கு ஓர் அதிகாரம் வீதம் 133 நாளில் முடித்துவிடுவது என்பது ஏற்பாடு. ஆனால் பழைய அட்டவணையில் படித்தது புதிய அட்டவணையின் கணக்கில் சேராது என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. ஆகையால் ஒவ்வொரு சனிக்கிழமைக்குப் பிறகும் முதல் குறளிலிருந்தே மறுபடி தொடங்குகிறார். கடவுள் வாழ்த்திலும் வான் சிறப்பிலும் அவருக்குள்ள பாண்டித்தியத்திற்கு மகாவித்துவான்களும் தலைவணங்க வேண்டும். நீத்தார் பெருமையில் கொஞ்சம் தடுமாற்றம். அறன் வலியுறுத்தலை எட்டியது ஒரு நீண்ட பண்டிகை விடுமுறையின்போது. 'காலம் அறிதல்' 49ஆவது அதிகாரமாகவும், 'மடி இன்மை' 61ஆவது அதிகாரமாகவும் அவ்வளவு தூரத்தில் வைக்கப்பட்டிருப்பது குறித்து, வள்ளுவர்மீது அவருக்கு மரியாதையுடன் கூடிய ஒரு வருத்தம் உண்டு. "அவசரமானதை முன்னால் வைத்திருக்கலாம் சார்" என்பார்.

ரத்தான அட்டவணைகள் என்ன ஆகின்றன என்பதே இந்தச் சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம். கெட்டித் தாளாகையால் அவை வீணாவதில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாளுக்கு, தேய்த்த துணிகளை மடித்துச் சுற்றிக் கொடுக்க உபயோகப்படட்டும் என்று போய்ச் சேரும். அந்த அம்மாளின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, வீடு வீடாகத் துணி வாங்குவதும் கொடுப்பதுமாகத் தாய்க்கு உதவி செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் ஓர் அட்டவணையின் வெறுமையான முதுகுப்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தவள், தாளைத் திருப்பியபோது முகப்புப்பக்கத்தையும் படித்திருக்கிறாள். படித்துவிட்டு வண்டியின் பலகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள்; மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகளுக்கு விடையளிக்கும் அந்தப் பரீட்சையில் தேறி, இளநிலை உதவியாளராக நியமன உத்தரவும் பெற்றுவிட்டாள்.

லட்டுப் பொட்டலத்துடன் அவள் அட்டவணையார் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"உங்க அட்டவணையாலதான் சார் பாஸ் பண்ணினேன்" என்றாள்.

அட்டவணையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் சாஸ்திரம் உலகத்தின் முன்னிலையில் நிரூபணமாகும் தருணத்தை அவர் எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்தவர். "பதினொரு வரியையும் கடைப்பிடித்தாயா அம்மா?" என்று தழுதழுத்த குரலில் கேட்டார்.

"இல்லீங்க சார். குறளும் கணக்கும் பரீட்சைக்கு வருது. அந்த ரெண்டு வரிய வெச்சுக்கிட்டு மத்த ஒன்பதையும் அடிச்சுட்டேன்."

"புல்லாங்குழலையுமா?"

"எங்கிட்ட புல்லாங்குழல் இல்லையே சார்."

"மாடித் தோட்டம்?"

"மாடியே இல்லையே சார்."

அட்டவணையார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "சரி அம்மா, தவறிப்போன நாட்களின் நிலுவையை எப்படிச் சரிக்கட்டினாய்?" என்று தொழில் அக்கறையுடன் விசாரித்தார்.

"தவறின நாள் தவறினதுதான் சார். மறுநாள் மறுநாளுக்கு உள்ளத மட்டும் படிச்சேன். சேத்து வெச்சா அப்புறம் பயந்துகிட்டு ஒண்ணுமே படிக்க மாட்டோம் இல்ல?"

"எப்போது ஆரம்பித்தாய்? நாள் பார்த்தாயா?"

"அந்தத் தாள் கையில கெடச்ச அன்னிக்கேதான் சார். செவ்வாக்கிழமை, மத்தியானம் மூணரை மணி இருக்கும். அப்பத்தான் வண்டியில கூட்டம் இருக்காது."

செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை ராகு காலம். அட்டவணையார் என்னைப் பார்த்தார். நான் லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராகு காலத்தில் தொடங்கி, ஒன்பது லட்சியங்களைச் சம்ஹாரம் செய்து, நிலுவைக் கணக்கே வைக்காமல் ஒருத்தி கரையேறிவிட்டாள் என்றால், பிராங்க்ளின் முதல் பஞ்சாங்கம் வரை சகல சாஸ்திரங்களையும் மறுபரிசீலனை செய்யவேண்டியிருக்கிறது அல்லவா?

மறுநாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். இரவெல்லாம் ஆலோசித்ததற்கான அடையாளம் கண்களில் தெரிந்தது. கக்கத்தில் புதிய சார்ட் தாள் சுருட்டி இருந்தது. தகுந்த இடத்திலிருந்து வந்த உபதேசத்தை ஏற்றுக்கொள்வதில் அவருக்குக் கர்வம் கிடையாது. "அந்தப் பெண் சொன்னதுதான் உண்மை சார். நூற்றுக்கு நூறு உண்மை. லட்சியங்களைக் குறைத்தே தீரவேண்டும்" என்று பிரகடனம் செய்துவிட்டுத் தாளை விரித்தார். பதினொரு வரிகளும் பச்சையும் நீலமும் காவியுமாகப் பழையபடியே பிரகாசித்தன. அவற்றின் கீழே பன்னிரண்டாவதாக ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: 'எந்த வரிகளை அடிப்பது என்பது குறித்துச் சிந்தித்தல் – தினம் ஒரு நாழிகை.'

"அதற்கு ஒரு நாழிகை எதற்கு சார்? இப்போதே ஒன்றை அடித்துவிடலாமே" என்று என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினேன்.

அட்டவணையார் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். தாளின்மீது குனிந்து, புல்லாங்குழலுக்கு நேராக முனையைக் கொண்டுபோனவர், அங்கேயே நிறுத்தி, முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி என்னிடமே கொடுத்தார்.

"இது சிவப்பு மசி சார். சிவப்பு, தவிர்க்கமுடியாதவைகளுக்கு" என்றார். "அடிப்பதற்கென்று தனியாக ஒரு நிறம் வாங்கவேண்டும்."